முக்காட்டுக்கு வெளியே ஒரு கன்னம்

சாச்சி முக்காட்டை இடது பக்கமாக இழுத்துவிட்டு, இடது தாடைக்குக் கீழே ஊக்கு குத்திக்கொள்வாள். இடது கன்னம் முழுக்கத் துணிக்குள் போய்விடும். வலது கன்னம் மட்டும் வெளியே இருக்கும். ஆசிட் பட்டது அந்த வலது கன்னத்தில்தான்.

முதல்முறை பார்க்கிறவர்கள் அவசரத்தில் பக்கம் மாற்றிக் குத்திவிட்டாள் என்று நினைப்பார்கள். இரக்கப்பட்டு, "அம்மா, துணி விலகியிருக்கு" என்று காதோடு சொல்வார்கள்.

"வெலகல. நாந்தான் வெலக்கி வச்சிருக்கேன்" என்பாள் சாச்சி, தெருவுக்கே கேட்கும்படி.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை நான். அவள் ஒன்றும் கோபப்படவில்லை. "இந்தக் கன்னம் எனக்கு அல்லா கொடுத்தது. அதை மூடிக்கிடுதேன். அந்தக் கன்னம் அவன் செஞ்ச வேலை. அவன் செஞ்சதை நான் எதுக்குலே மூடணும்?" என்றாள். அவள் கொடுத்த ஆதார் கார்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

சாச்சி என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் சின்னம்மா. அவள் மேலப்பாளையம், நான் நாங்குநேரிப் பக்கம். ரத்த உறவு எதுவும் கிடையாது. தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் அவள் சாச்சி. என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்மாடியில் அவளுடைய தோல் பர்ஸ் பட்டறை இருந்தது. புருஷன் போன பிறகு அவளே நடத்தினாள். அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இன்னொரு பெண்ணையும் ஊர் அடையாளம் கண்டுபிடித்துவிடும். அந்தப் பெண் இப்போது பம்பாயிலேயே பாண்டுப் பக்கம் குடும்பமும் குழந்தையுமாக இருக்கிறாள். தன்னைப் பற்றி எது எழுதினாலும் சாச்சி சிரித்திருப்பாள். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாள்.

செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அந்தப் பெண் சாச்சியின் பட்டறையில் பர்ஸுக்கு லைனிங் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சந்தின் கோடியில் பெல்ட் பக்கிள் செய்கிற பட்டறை ஒன்று உண்டு. அதன் முதலாளியை எல்லோரும் பக்கிள்காரர் என்போம். அவருடைய தங்கச்சி மகன் ஒருத்தன், மாமன் நிழலில் வளர்ந்தவன், தினமும் சாச்சியின் மாடிப்படியில் வந்து நின்றான். பெண் இறங்கினால் வழி விடமாட்டான். சாச்சி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மறுமுறை படியிறங்கி வந்து, டீக்கடை முன்னால் அத்தனை பேர் பார்க்க, கால் செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் வைத்தாள். நான் கைதட்டினேன். இன்னும் சிலரும் தட்டினார்கள்.

அந்த வாரமே, காலையில் சாச்சி பட்டறையைத் திறக்க வந்த நேரத்தில், பித்தளையைக் கழுவ வைத்திருக்கும் ஆசிட்டை அவள் மேல் ஊற்றிவிட்டான். வலது கன்னம், காது, கழுத்து, வலது கை விரல்கள் எல்லாம் வெந்துபோயின. முகத்தில் துணி கட்டி வந்திருந்தான். ஓடும்போது அது அவிழ்ந்தது. அவன் முகத்தைப் பார்த்தது படியில் பின்னாலேயே வந்துகொண்டிருந்த அந்தப் பெண் ஒருத்திதான். சாச்சியின் கண்ணில் அப்போது எரிச்சலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தப் பெண் சொன்னதை வைத்துத்தான் போலீஸ் கேஸ் எழுதி அவனைப் பிடித்துப் போனது.

எங்கள் சந்தில் சீனி போடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. இதைச் சொல்லாமல் சாச்சியைச் சொல்ல முடியாது. அடிதடி, வெட்டுக்குத்து எதுவானாலும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அடித்தவன் பக்கம் துட்டு கொடுக்கும், அடிபட்டவன் பக்கம் வாங்கும். வாங்கியதும் ஒரு பெரியவர் இரண்டு பக்கத்து வாயிலும் ஒரு சிட்டிகை சீனி போடுவார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போலீஸ் கேஸ் இருந்தாலும், கோர்ட்டில் ஏறி "சரியா ஞாபகம் இல்லை சாப்" என்று சொல்லிவிட வேண்டும். பம்பாய்க்காரர்கள் இதை மாண்டவலி என்பார்கள். நான் இதை முழுக்கக் குறை சொல்லவில்லை. சைக்கிளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வருகிற சண்டைகள் சீனியில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாச் சண்டையும் தண்ணீர்க் குழாய் இல்லையே.

சாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டுப் பிரிக்கும் முன்பே பெரியவர்கள் படியேறினார்கள். பக்கிள்காரர் துட்டோடு வந்திருந்தார். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சீனியும் இருந்தது. சின்னப் பையன், புத்தி கெட்டுப் போயிட்டான், அவன் வாழ்க்கை பாழாகிவிடும் என்றெல்லாம் பேசினார்கள். பாழான வாழ்க்கை கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சாச்சி கட்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "வாய் வரைக்கும் கட்டுப் போட்டிருக்கு பாத்தீகளா? ஏற்கெனவே மூடித்தான் கெடக்கு. இதுக்கு எதுக்கு சீனி? கட்டுப் பிரிக்கட்டும், அப்பொறம் நான் பேசுதேன்."

சீனியோடு கிண்ணம் இறங்கிப் போனது.

இதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்தோம். சாச்சியும் செய்தாள். சுனாபட்டியிலிருந்து ஒரு மராட்டிப் பெண் வந்தாள். கோர்ட்டைச் சேர்ந்த சட்ட உதவி ஆபீஸின் தொண்டர். தோளில் துணிப் பை, காலில் தேய்ந்த செருப்பு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சர்க்கார் இழப்பீடு தருகிறது, மருந்துச் செலவுக்கு இடைக்காலத் தொகையும் உண்டு, மனு கொடுங்கள் என்று இந்தியில் சொன்னாள். சாச்சியின் காதில் விழுந்தது பைசா என்ற ஒரு சொல்தான். கதவை அறைந்து சாத்திவிட்டு ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்துக் கத்தினாள்.

"பாத்துக்கோங்க! போலீசை வாங்குனானுவோ, இப்போ கோர்ட்டையே வாங்கி அனுப்பிட்டானுவோ! பொம்பளைய விட்டு மாண்டவலி பேசுதானுவோ!"

சாச்சி சொன்னதை நாங்களும் நம்பினோம். அடித்தவன் ஒருவன், துட்டு தருவது வேறொருவர், வாங்கிய பிறகும் வாயைத் திறக்கலாம் என்றால் எப்படி நம்புவது? எங்கள் ஊரிலும் சரி, இந்தச் சந்திலும் சரி, கை நீட்டி வாங்கினால் முடிந்தது என்றுதான் பாட்டன் காலத்திலிருந்து பழக்கம். படியிறங்கி வந்த அந்த மராட்டிப் பெண்ணை டீக்கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவள் சளைக்காதவள். மறுவாரமும் வந்தாள். கதவுக்கு வெளியே படியிலேயே உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி பேசினாள். இந்தப் பணத்துக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமில்லை, உங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சர்க்கார் காப்பாற்றவில்லை, அதனால் தருகிறது என்றாள். கேஸ் தனியாக நடக்கும், அதைச் சர்க்காரே நடத்தும், நீங்கள் நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது என்றாள்.

கதவு கொஞ்சம் திறந்தது. சாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இதை வாங்குனா நான் கோர்ட்டுல பேசலாமா?"

"பேசலாம் மாவ்ஷி. பேசணும்." மராட்டியில் மாவ்ஷி என்றாலும் சின்னம்மாதான்.

அதே கேள்வியைச் சாச்சி போலீஸ் ஸ்டேஷனில் கேட்டாள். கோர்ட் வாசலில் கண்ணில் பட்ட கறுப்புக் கோட்டு வக்கீலையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதில் சொன்ன பிறகுதான் மனு எழுத என் கடைக்கு வந்தாள்.

மனுவுக்குப் போட்டோ வேண்டும். என் கடையில் என் மச்சான்தான் போட்டோ எடுப்பான். அவனுக்கு ஒரு வியாதி. யார் வந்தாலும் கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றி, பரு நீக்கி, கல்யாணப் பெண் ஆக்கித்தான் அனுப்புவான். சாச்சிக்கும் நல்ல மனதோடு அதைச் செய்தான். தழும்பைச் சுத்தமாகத் துடைத்து, காதை ஒட்டவைத்து, கண்ணாடி போல ஒரு முகத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

சாச்சி அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "யாருல இது?"

"நீங்கதான் சாச்சி. கொஞ்சம் சரி பண்ணுனேன்."

"இவளுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு சர்க்கார் துட்டு கொடுக்கணும்? இவ நல்லாத்தான இருக்கா? என்னை எடுலே!"

அவன் மறுபடி எடுத்தான். இந்த முறை அவள் வலது கன்னத்தை கேமராவுக்குத் திருப்பிக் கொடுத்தாள். மச்சான் அவசரமாக அமுக்கியதில் முதல் படம் அசைந்துவிட்டது. "நிதானமா எடு. நான் எங்கயும் ஓடல" என்றாள்.

பிறகு மாதக்கணக்கில் சட்ட உதவி ஆபீஸுக்கு நடந்தாள். ஒரு தடவை ஜெராக்ஸ் போதவில்லை என்றதால் நானும் கூடப் போனேன். ஹார்பர் லைன் ரயிலில் பெண்கள் பெட்டியில் அவள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்களாம். "எனக்கு மட்டும் எந்நேரமும் சீட் கெடைக்கும்லே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆபீஸ்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். போலீஸிலிருந்து ஒரு காகிதம் வர வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று வர வேண்டும். ஒன்று வந்தால் இன்னொன்று வராது. அடுத்த வாரம் என்பார்கள். சாச்சி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற பெஞ்சில்தான் உட்காருவாள். உள்ளே வருகிற யாரும் அவளைப் பார்க்காமல் வர முடியாது. ஒரு குமாஸ்தா சங்கடத்தோடு அருகில் வந்து, கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள் மாவ்ஷி, வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்றார்.

"டர்னே தோ சாப்" என்றாள் சாச்சி. பயப்படட்டும் என்று அர்த்தம். பிறகு என்னிடம் தமிழில், "நான் பயந்து முடிச்சாச்சு. இப்போ அவுங்க முறை" என்றாள்.

அந்த வாரமே அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டுக் காகிதங்களைத் தானே போன் போட்டுத் தேடினார். அவர் நல்லவரா, இல்லை அந்தப் பெஞ்சைக் காலி செய்ய நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அவளோடு இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். சந்தில் ஒரு கல்யாணம். கல்யாணப் பெண்ணின் அம்மா, வீடியோவில் விழாத இடமாகப் பார்த்து சாச்சியைப் பின்னால் உட்காரச் சொன்னாள். சாச்சி நேராக முன்வரிசைக்குப் போய், கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து, பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அந்த அம்மாள் அழுதுவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சாச்சி மேல் எரிச்சல் வந்தது. இதெல்லாம் தேவையா, ஒரு நாள் விட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "ஒரு நாள் விட்டா, மறுநாளும் பின்னாலதான் உக்காரணும்" என்றாள் அவள்.

ஒரே ஒரு இடத்தில் சாச்சி தளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மே மாத வெயிலில் ஒட்டுப்போட்ட தோல் இழுக்கும். அப்போது கடைக்குள் வந்து என் மேஜை விசிறிக்கு முன்னால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "எரியுதுலே" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். நான் விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்தப் பையனை என் கையால் ஏதாவது செய்துவிடலாமா என்று இருக்கும். அந்த ஆத்திரம் இன்றைக்கும் போகவில்லை.

இழப்பீடு ஒருநாள் பாங்கியில் வந்து விழுந்தது. எவ்வளவு என்று எழுதப் போவதில்லை, அந்தக் கன்னத்துக்கு ஈடாக எந்தத் தொகையும் கிடையாது. விரல் மடங்காததால் அவளால் தைக்க முடியாது. அதனால் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துப் பட்டறையை மறுபடி திறந்தாள்.

சந்து முழுக்க ஒரே பேச்சு. சாச்சி துட்டு வாங்கிவிட்டாள், முடிந்தது. பக்கிள்காரர் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார். தன் பையிலிருந்து ஒரு பைசா போகாமல், சர்க்கார் துட்டிலேயே தன் மருமகனுக்கு மாண்டவலி முடித்துவிடலாம் என்று மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். இப்படி ஒரு சாமர்த்தியத்தை நான் பம்பாயில் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதில் ஆபத்து என்னவென்றால், லைனிங் தைத்த அந்தப் பெண்ணைப் பெற்ற வாப்பாவும் அதை நம்பிவிட்டார். மறுவாரம் கோர்ட்டில் சாட்சி. முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள் வராவிட்டால் அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுவான். வாப்பாவோ மகளை ஊருக்கு அனுப்ப டிக்கெட் எடுத்துவிட்டார். "சாச்சியே வாங்கிட்டு அடங்கிட்டா. எம்மவ மட்டும் எதுக்குக் கூண்டுல ஏறணும்?" என்று என் கடை வாசலில் நின்றே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெண்ணைப் பெற்றவர்.

அன்று சாயங்காலம் பக்கிள்காரர் பெரியவர்களோடு டீக்கடை முன்னால் வந்து நின்றார். கையில் அதே எவர்சில்வர் கிண்ணம். சந்தே கூடிவிட்டது. சாச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் இறங்கி வந்தாள், ஊக்கு இடது பக்கம் குத்தியபடியே.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சு" என்றார் பக்கிள்காரர். "வாயைத் திறங்க தங்கச்சி, இனிப்பா முடிச்சிருவோம்."

சாச்சி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சாச்சி நேராக டீக்கடைக்குள் போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய பாத்திரத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரு டீ ஊத்துங்க அண்ணாச்சி. சீனி நம்ம பக்கிள்காரர் உபயம்."

யாரும் அசையவில்லை. டீக்கடை அண்ணாச்சி மட்டும் கரண்டியால் கலக்க ஆரம்பித்தார். அவரை நான் அதற்கு முன் வீரனாகப் பார்த்ததில்லை.

"கேட்டுக்கோங்க" என்றாள் சாச்சி. "துட்டு வாங்குனேன். ஆமா, வாங்குனேன். சர்க்கார் கொடுத்துச்சு, என் மருந்துக்கும் என் பட்டறைக்கும். சர்க்காரா என் மூஞ்சில ஊத்துச்சு? ஊத்துனவன் இன்னும் எனக்கு ஒண்ணும் கொடுக்கல. அவன் கொடுக்க வேண்டியதைக் கோர்ட்டுல வந்து கொடுப்பான். நான் வாங்கவும் செய்வேன், பேசவும் செய்வேன். எவன் வந்து என் வாயை மூடுதான்னு பாக்கேன்."

பிறகு பெண்ணின் வாப்பாவைப் பார்த்தாள். அண்ணனைக் கூப்பிடுவதுபோல் குரல் இறங்கியது. "காக்கா, உங்க மவளை நான் இழுத்துட்டுப் போக மாட்டேன். அவளே சொல்லட்டும். ஆனா சாச்சி வாங்கிட்டு அடங்கிட்டான்னு மட்டும் சொல்லி அவளை ஊருக்கு அனுப்பாதீங்க. நான் அடங்கல."

படியிலிருந்து சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். "நான் ஊருக்குப் போகல வாப்பா."

அவள் வாப்பா டீயைக் கையில் வாங்கி, மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு குடித்தார். அந்த டீ வாயில் வைக்க முடியாத இனிப்பு. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

கோர்ட்டில் நானும் பின்பெஞ்சில் இருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் சாச்சியிடம் முதலில் கேட்டது அதைத்தான். பணம் கிடைத்ததா, இல்லையா? பணத்துக்காகத்தானே என் கட்சிக்காரன் மேல் இந்தப் பழி?

சாச்சி தன் தாராவி இந்தியில் சொன்னாள். "கிடைச்சுது சாப். அந்தத் துட்டை நான் திருப்பிக் கொடுத்துடுதேன். நீங்க இந்தக் கன்னத்தை வாங்கிக்கிடுதீங்களா?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். கூண்டில் நின்ற அந்தப் பையன் அதுவரை எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாச்சி உடம்போடு திரும்பி, திறந்த கன்னத்தை அவனுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் தலை குனிந்தான். இத்தனை வருஷமும் அந்த ஊக்கு இடது பக்கம் இருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அந்தப் பெண் ஏறினாள். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு, விரலை நீட்டி, "இவர்தான். முகத்தைப் பாத்தேன்" என்றாள். குறுக்கு விசாரணையில் எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டும் அந்த விரல் மடங்கவில்லை.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மாமன் மேல்கோர்ட்டுக்குப் போனார், அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. சாச்சி பிறகு கோவண்டிக்குக் குடிபோனாள். சில வருஷம் முன்னால் அங்கேயே கண்ணை மூடி மௌத்தானாள். நான் இப்போது செம்பூரில் இருக்கிறேன். யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தீர்ப்பு வந்த நாள் ஞாபகம் வருவதில்லை. சாட்சி சொல்லித் திரும்பிய அந்தச் சாயங்காலம்தான் வருகிறது.

சாச்சி, அந்தப் பெண், நான், மூவரும் சந்துக்குள் நுழைந்தோம். சாச்சி டீக்கடைக்குள் போய், அண்ணாச்சியைக் கேட்காமலே டப்பாவைத் திறந்து, மடங்காத விரல்களால் கொஞ்சம் சீனியை அள்ளினாள். பாதி கீழே சிந்தியது. பக்கிள் பட்டறை வாசலில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றுதான் சாச்சி சந்தின் நடுவில் வந்து நின்றாள்.

"வாயைத் திற" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் மிரண்டு போய்ப் பின்வாங்கினாள். எங்கள் சந்தில் பிறந்தவளுக்குச் சீனி என்றால் என்ன என்று தெரியாதா?

"பயப்படாத புள்ள" என்றாள் சாச்சி. "இது பேசுன வாய்க்கு."